வால் ஸ்ட்ரீட்டுக்கு ஒரு தனி வகுப்பு

1907-ஆம் ஆண்டு நியூயார்க்கின் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கியில் புரூக்ளின் பையன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்தான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவன். துப்புரவு ஊழியருக்கு எடுபிடியாக இருப்பது, முதலாளிகளின் தொப்பிகளைத் துடைப்பது, எச்சில் படிக்கங்களைக் கழுவி வைப்பது ஆகியவைதான் வேலை. சிட்னி வெய்ன்பெர்க் என்ற அந்தப் பையன் 1930-இல் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 1969-இல் இறக்கும்வரை அந்த இடத்தில் இருந்தார். இன்று அதே நிறுவனத்தில் ஒரு கோடைக்காலப் பயிற்சி இடம் வேண்டுமென்றால், அமெரிக்க மாணவர் பெரும்பாலும் கல்லூரியின் இரண்டாம் ஆண்டுக்குள்ளேயே ஆயத்தமாகிவிட வேண்டும். அந்த ஆயத்தத்தைச் செய்து தருவது பல்கலைக்கழகம் அல்ல, மாணவர்களே நடத்தும் மன்றங்கள்.

முதலீட்டு வங்கி பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் வங்கி அல்ல. நிறுவனங்கள் பங்கும் கடன்பத்திரமும் வெளியிட உதவுவது, ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது விலை மதிப்பிட்டுப் பேரம் பேசுவது ஆகியவை அதன் தொழில். 1933-இன் கிளாஸ்-ஸ்டீகல் சட்டம் இவ்விரு வகை வங்கிகளையும் பிரித்துவைத்தது. ஜே.பி. மார்கன் வங்கியிலிருந்து 1935-இல் மார்கன் ஸ்டான்லி தனியே பிறந்தது அதனால்தான். அந்தக் காலத்து முதலீட்டு வங்கிகள் சிறிய கூட்டாண்மை நிறுவனங்கள். மகன், மருமகன், நண்பரின் மகன், மிஞ்சிப்போனால் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் பட்டதாரி என்று ஆள் எடுத்தார்கள். இந்த வேலைக்கு மாணவர்களைத் தயார்செய்ய ஒரு மன்றம் வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

1980-களில் கதை மாறியது. நிறுவனங்களை வாங்குவதும் இணைப்பதும் பெருவணிகமானது. வங்கிகளுக்கு ஆள் போதவில்லை. இளங்கலை முடித்தவர்களை ‘அனலிஸ்ட்’ என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கு எடுத்து, பிழிந்து, பிறகு எம்.பி.ஏ. படிக்க அனுப்பிவிடும் முறை பரவியது.

இதில் கணினிக்கும் பங்கு உண்டு. மின்விரிதாளின் முன்னோடியான விசிகால்க் 1979-இல் வெளிவந்தது. அந்த யோசனை உதித்தது டான் பிரிக்லின் என்ற ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் மாணவருக்கு. 1983-இல் லோட்டஸ் 1-2-3 வந்தது, பிறகு எக்செல். கணக்கேட்டில் பென்சிலால் போட்டு அழித்த கணக்கு நொடியில் மாறியது. வேலை குறைந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு கணக்கு கேட்ட மேலாளர் பத்து விதமாகப் போட்டுக் காட்டச் சொன்னார். பத்தையும் போட இளைஞர்கள் தேவைப்பட்டார்கள்.

கூட்டம் எப்படி மொய்த்தது என்பதற்கு மைக்கேல் லூயிஸ் 1989-இல் எழுதிய ‘லையர்ஸ் போக்கர்’ என்ற நூல் ஒரு சாட்சி. 1986-இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற சுமார் 1,300 பேரில் 40 சதவீதம் பேர் ஃபர்ஸ்ட் பாஸ்டன் என்ற ஒரே வங்கிக்கு விண்ணப்பித்தார்கள் என்கிறார் அவர். லூயிஸ் பிரின்ஸ்டனில் படித்தது கலை வரலாறு; பின்னர் வேலை பார்த்தது சாலமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கியில்.

இவ்வளவு பேர் வந்து நின்றால் சலித்தெடுக்க ஒரு சல்லடை வேண்டும் அல்லவா? நேர்காணலில் தொழில்நுட்பக் கேள்விகள் நுழைந்தன. அவற்றில் பழைய பெருச்சாளி ஒன்று இப்படிப் போகும்: இயந்திரங்களின் தேய்மானச் செலவு 10 டாலர் கூடினால் லாப நட்டக் கணக்கு, ரொக்க ஓட்ட அறிக்கை, இருப்புநிலைக் குறிப்பு ஆகிய மூன்று நிதி அறிக்கைகளிலும் என்ன மாறும்? வரி 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வரிக்கு முந்தைய லாபம் 10 டாலர் குறையும். வரியில் 4 மிச்சமாவதால் நிகர லாபம் 6 குறையும். தேய்மானத்துக்காக யாரும் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. ஆகவே அந்த 10-ஐத் திரும்பக் கூட்டினால் கையில் ரொக்கம் 4 கூடியிருக்கும். இருப்புநிலைக் குறிப்பில் இயந்திரங்களின் மதிப்பு 10 குறைய, ரொக்கம் 4 கூட, மொத்தச் சொத்து 6 குறையும். மறுபக்கம் தேக்கிவைத்த லாபமும் 6 குறைந்து இரண்டும் சரியாகும். வணிகவியல் மாணவருக்கு இது பெரிய வித்தை அல்ல. வரலாறோ தத்துவமோ படிப்பவர் இதை எங்கே கற்பார்? ஹார்வர்டு இளங்கலை மாணவர்கள் கணக்கியல் பயில அருகிலுள்ள எம்.ஐ.டி.க்குப் போவதுண்டு.

அந்த இடைவெளியில்தான் மன்றங்கள் வேர்விட்டன. கோடையில் வங்கியில் பயிற்சி முடித்துத் திரும்பிய சீனியர் மாலை வேளைகளில் ஜூனியர்களுக்கு மதிப்பீட்டு முறைகளைச் சொல்லித்தருவார். மாதிரி நேர்காணல் நடக்கும். ஏதேனும் ஒரு நிறுவனத்தின் பங்கை ஏன் வாங்கலாம் என்று எழுந்து நின்று வாதாட வேண்டும். வங்கியில் இருக்கும் பழைய மாணவர்களின் பெயர்கள் கைமாறும். அவர்களுடன் ‘காஃபி சாட்’ என்ற அறிமுக உரையாடலை எப்படி நடத்துவது என்பதும் பாடம். என்ன கேட்பார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்தவர் சொல்லித்தருவதுதான் மன்றத்தின் உண்மையான மூலதனம். எக்செல்லை யாரும் வீட்டிலிருந்தே கற்கலாம்.

ஆகவே மன்றத்தில் சேரவே போட்டி வந்தது. விண்ணப்பம், நேர்காணல், நிராகரிப்பு என வங்கியின் வழிமுறை அப்படியே கல்லூரிக்குள் நகர்ந்தது. வேலைக்குத் தயார்செய்யும் மன்றத்தில் சேர முன்தயாரிப்பு வேண்டும் என்பது வேடிக்கைதான், ஆனால் வெளியே நிற்பவருக்கு அது வேடிக்கை அல்ல. அப்பாவோ அண்ணனோ இந்தத் தொழிலில் இல்லாதவர், மன்றம் என்று ஒன்று இருப்பதை அறிவதற்குள் கதவு மூடியிருக்கும். இதற்கு மாற்று முயற்சிகளும் நடந்தன. நியூயார்க்கின் எஸ்.இ.ஓ. என்ற தொண்டு அமைப்பு சிறுபான்மையின மாணவர்களை வால் ஸ்ட்ரீட் நிதி நிறுவனங்களின் பயிற்சிகளில் சேர்க்கும் திட்டத்தை 1980-லேயே தொடங்கிவிட்டது. 2006-இல் ஹார்வர்டு மாணவியர் இருவர் ‘ஸ்மார்ட் உமன் செக்யூரிட்டீஸ்’ என்ற பெண்களுக்கான முதலீட்டு மன்றத்தைத் தொடங்கினார்கள். அது பிற பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. அவர்களில் ஒருவரான டிரேசி பிரிட், 2009-இல் முதலீட்டாளர் வாரன் பஃபெட்டிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 2008-இல் ஹார்வர்டின் தலைவர் ட்ரூ ஃபௌஸ்ட், பட்டம் பெறவிருந்த மாணவர்கள் தம்மிடம் ஓயாமல் கேட்ட கேள்வியையே தம் உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார்: ஏன் இத்தனை பேர் வால் ஸ்ட்ரீட்டுக்குப் போகிறோம்? முந்தைய ஆண்டு வேலைக்குப் போன ஹார்வர்டு ஆண்களில் 58 சதவீதமும் பெண்களில் 43 சதவீதமும் நிதி, ஆலோசனைத் துறைகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி விழுந்தது. 2011 டிசம்பரில் பிரின்ஸ்டனுக்கு ஆளெடுக்க வந்த வங்கிகளின் கூட்டத்தில் மாணவர்கள் எழுந்து நின்று கோஷமிட்டார்கள்.

மன்றங்கள் அசையவில்லை. வங்கிகள் ஆளெடுப்புத் தேதியை முன்னுக்குத் தள்ளத் தள்ள, மன்றங்களும் ஆயத்தத்தை முன்னுக்குத் தள்ளின. கோல்ட்மேன் 2016-இல் இளங்கலை மாணவர்களின் முதல் சுற்று நேர்காணலைக் கல்லூரியிலிருந்து எடுத்துவிட்டு வீடியோவுக்கு மாற்றியது. எதிரே மனிதர் இல்லாமல் கேமராவைப் பார்த்து அளவோடு பேசவும் இனிப் பழக வேண்டியிருந்தது.

2021-இன் தொடக்கத்தில் அதே கோல்ட்மேனின் முதலாண்டு அனலிஸ்ட்கள் 13 பேர் தங்களுக்குள் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தினார்கள். வாரத்துக்குச் சராசரியாக 95 மணி நேரம் வேலை, உறக்கம் குறைவு, உடம்பு சரியில்லை என்று வந்த விடைகளை அட்டவணை, வரைபடங்களுடன், வாடிக்கையாளருக்குக் காட்டும் பிட்ச்புக் பாணியிலேயே தொகுத்தார்கள். குறையைச் சொல்லவும் கற்ற தொழில் கைகொடுத்தது. அந்தப் பக்கங்கள் வெளியே கசிந்தன. அந்த ஆகஸ்டில் முதலாண்டு அனலிஸ்ட்களின் அடிப்படைச் சம்பளம் 85,000 டாலரிலிருந்து 1,10,000 டாலராக உயர்ந்தது. மறு ஆண்டு கோடைப் பயிற்சிக்கு அந்த வங்கிக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன.