அகமதாபாத் மின்னிசைக் கூடம்

அகமதாபாத் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன் (என்.ஐ.டி.) வளாகத்தில் 1969 முதல் 1972 வரை இயங்கிய ஒலிக்கூடம். இந்தியாவின் முதல் மின்னிசைக் கூடமாக அறியப்படுவது. நாற்காலியும் துணியும் அச்செழுத்தும் வடிவமைக்கக் கற்றுத்தரும் இடத்தில் இசை ஒரு பக்கவேலைதான். அதனாலோ என்னவோ, அரை நூற்றாண்டுக் காலம் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

கதை நியூயார்க்கில் தொடங்குகிறது. விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் சகோதரி கீதா, நம் மிருதங்கத்துக்கு உறவான பக்கவாஜ் வாசிப்பவர். 1946இல் அங்கு அவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லித்தர, பதிலுக்கு கேஜ் மேலை இசையைச் சொல்லித்தந்தார், காசு கைமாறவில்லை. ஊர் திரும்பும்போது கீதா அவருக்குக் கொடுத்துவிட்டு வந்தது ராமகிருஷ்ணரின் உபதேசங்கள் அடங்கிய நூல். ஒரு சுரம்கூட வாசிக்கப்படாத கேஜின் 4 நிமிடம் 33 விநாடி உருப்படியை 1952இல் அரங்கேற்றியவர் பியானோ கலைஞர் டேவிட் டியூடர். 1969இல் அகமதாபாத் வந்து 'மூக் சிந்தசைசர்' என்ற மின்னிசைக் கருவியை நிறுவிக்கொடுத்தவரும் அவரே. கீதாவின் உடன்பிறந்தவர்களான கௌதமும் கிராவும் அப்போது என்.ஐ.டி.யை நடத்திவந்தனர்.

அந்த மூக் கருவியின் முகப்பெங்கும் திருகுகள், துளைகள். ஒரு துளைக்கும் இன்னொன்றுக்கும் ஒயர் செருகினால் ஒரு சத்தம். ஒயரை இடம் மாற்றினால் வேறொன்று. மின்னழுத்தம் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும், நடுவே கட்டை பிரித்த எல்லை கிடையாது. கமகத்தில் ஊறிய காதுக்கு இது அந்நியமே அல்ல.

கீதாவோடு ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் இதில் பதிவுகள் செய்தனர். சில முழு உருப்படிகள். சில, கருவியைச் சோதித்துப் பார்த்த வெறும் இரைச்சல். நிலவில் மனிதன் கால்வைத்த காலம் என்பது ஜோஷிபுராவின் 'ஸ்பேஸ் லைனர் 2001' என்ற தலைப்பிலேயே தெரிகிறது. சர்மாவின் 'டான்ஸ் மியூசிக்' வரிசையோ பின்னாளைய டெக்னோ நடன இசையை நினைவூட்டுவது. முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

இதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான், லண்டனில் த்ராபிங் கிரிஸ்டில் குழு 'இண்டஸ்ட்ரியல்' என்ற பெயரோடு இரைச்சலை இசையாக்கியது 1976இல். அவர்களிடமிருந்த கோபம் ஆலைகள் நிறைந்த அகமதாபாத்தின் இந்தப் பதிவுகளில் இல்லை, ஆர்வம்தான் இருக்கிறது.

என்.ஐ.டி. ஆவணக் காப்பகத்தில் கிடந்த ஒலிநாடா ரீல்களை வெளிக்கொணர்ந்தவர், 'எம்ப்டிசெட்' என்ற இரைச்சல் இசை இரட்டையரில் ஒருவரான பால் புர்காஸ். 2020இல் பி.பி.சி. வானொலியில் அவர் இதைப் பற்றிப் பேசினார். 'தி என்.ஐ.டி. டேப்ஸ்' தொகுப்பு 2023இல் வெளிவந்தது.