தும்பிக்கை போட்ட பிள்ளை

நம் பழைய மாணவர் ஒருவர் நேற்று 'எங்க வீட்டுப் பிள்ளை' போஸ்டரை அனுப்பி, "சார், கடைசி எழுத்து ஏன் இப்படி இருக்கு? என் பெண்ணால வாசிக்க முடியல" என்று கேட்டிருந்தார். பதில் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் படத்தின் தலைப்பை அச்சுக்கோத்து அடிக்க மாட்டார்கள். ஈய எழுத்து பாடப்புத்தகத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் போதும். தெருவில் போகிறவனை நிறுத்தாது. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் ஓவியர் கையால் எழுத்து வரைவார். அதையே பிளாக் எடுத்துப் பத்திரிகை விளம்பரம், நோட்டீஸ், பாட்டுப் புத்தக அட்டை எல்லாவற்றிலும் போடுவார்கள். புராணப் படம் என்றால் கல்லில் வெட்டியது போலக் கனம், நிழல். குடும்பப் படத்துக்குத் தூரிகையால் இழுத்த நெளிவு. மர்மப் படத்துக்கு உடைந்த கோடுகள். பேய்ப்படத்துக்கு ரத்தம் சொட்டும் (இது மட்டும் இன்றுவரை மாறவில்லை!). 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர்தான். மற்றவர்களும் டிக்கெட் வாங்கினார்கள். அவர்களுக்குத் தலைப்பும் ஒரு சித்திரம்.

என் அம்மா அவர்களில் ஒருத்தி. 'பிள்ளை'யில் ளகரத்தின் தலைமேல் ஏறிச் சுருளும் கோட்டுக்கு அவள் வைத்த பெயர் தும்பிக்கை. 1965 பொங்கலுக்கு வந்த அந்தப் படம் எங்கள் வீட்டில் 'தும்பிக்கைப் படம்' ஆனது. அதே வருஷம் 'திருவிளையாடல்'. மளிகைப் பொட்டலத் தாளில் அதன் தலைப்பு மட்டும் கிழிந்து வந்திருந்தது. "இதுலயும் தும்பிக்கை இருக்கு, ஆனா இது சாமி படம்டா" என்றாள். எழுத்தின் கனத்தைப் பார்த்தே சொன்னாள்.

1978 அக்டோபர் 19-இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. பெரியார் 1935 முதலே தம் பத்திரிகையில் கையாண்ட வடிவங்களை அவருடைய நூற்றாண்டையொட்டி அரசு ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று மொத்தம் 13 எழுத்துகள் மாறின. அப்போது முதலமைச்சர் எம்.ஜி.ஆர். 'எங்க வீட்டுப் பிள்ளை'யின் கதாநாயகனே தும்பிக்கையை எடுத்துவிட்டார் என்று ஆசிரியர் அறையில் சிரித்தோம். எனக்கு அதில் சந்தோஷம்தான். விதிக்கு அடங்காத 13 வடிவங்களைக் குழந்தைகள் தனியாக மனப்பாடம் செய்யும் கஷ்டம் போயிற்று. இன்றும் அது சரியான முடிவு என்றே சொல்வேன்.

சில வருஷம் கழித்து ஊர் டென்ட் கொட்டகைக்கு அதே படம் மறுபடி வந்தது. வாசல் தட்டியில் புது 'ளை' எழுதியிருந்தார்கள். அம்மா நின்று பார்த்துவிட்டு, "இது வேற ஏதோ படம்" என்று நடந்தாள். வாசித்துக் காட்டினேன். "நீ படிச்சவன், சொன்னா சரிதான்" என்றாள். நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

வகுப்பில் உங்களுக்கெல்லாம் பழைய எழுத்தையும் புது எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். வீட்டில் ஒருத்திக்கு அதைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பழைய 'ளை' என் போனில் வராது. காகிதத்தில் எழுதிப் படம் எடுத்துக் கீழே போட்டிருக்கிறேன், பேத்தியிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகம் ஏதாவது இருந்தால் அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள். நடிகர் முகம் வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை, தலைப்பு முழுசாகத் தெரியட்டும்.