ஹேஸ்டிங்ஸில் மீர் சுல்தான் கான்

சதுரங்கம் அரபியில் 'ஷத்ரஞ்ச்' ஆகி பக்தாத் வரை போனதை நாம் பெருமையோடு எழுதுகிறோம். மீர் சுல்தான் கானை மட்டும் ஏனோ மறந்துபோகிறோம். 'சுல்தான்' என்பது அவருடைய பட்டமல்ல, பெயர்.

பஞ்சாபின் மிட்டா திவானாவில் பிறந்த அவருக்குக் கை பழகியது நாட்டுமுறை ஆட்டத்தில். அதில் காலாள் முதல் அடியில் இரண்டு கட்டம் பாயாது. ஐரோப்பிய விதிகளைப் பிறகுதான் கற்றார். 1928இல் அகில இந்திய சம்பியன். 1929இல் நிலக்கிழார் சேர் உமர் ஹயாத் கானோடு லண்டன் போய், அதே ஆண்டில் பிரித்தானிய சம்பியனும் ஆனார். 1932, 1933இலும் அவரேதான்.

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் எதிரே உட்கார்ந்தவர் கபபிளாங்கா, 1921 முதல் 1927 வரை உலக சம்பியன். சுல்தான் கானுக்கு வெள்ளைக் காய்கள். கபபிளாங்காவின் இரு கோட்டைகளும் உள்ளே பாய்ந்து அரசனுக்குச் செக் வைத்தன. பார்க்கிறவனுக்குக் கதை முடிஞ்ச மாதிரித்தான். சுல்தான் கானோ ராணியைக் கொடுத்து அந்த இரண்டு கோட்டைகளையும் வெட்டி எடுத்தார்.

ஆட்டத்தின் உயிர் அதற்குப் பிறகுதான். நடுவில் காலாட்கள் ஒன்றையொன்று மறித்து நின்றதால் கறுப்பு ராணிக்கு ஓட இடமில்லை. பலகையின் ஓரத்தில் அங்குமிங்கும் அலைந்தது. சுல்தான் கான் அவசரப்படவில்லை. அரசனை ஒவ்வோர் அடியாக நடத்திப் பத்திரமாக்கினார், கோட்டைகளை ஒரே வரிசையில் நிறுத்தினார். 65ஆவது நகர்வோடு கபபிளாங்கா தோற்றார். போட்டியில் யூவே முதலிடம், கபபிளாங்கா இரண்டாமிடம், சுல்தான் கான் மூன்றாமிடம்.

ஆங்கில நூல்கள் அவரை 'வேலைக்காரன்' என்றே எழுதிவந்தன. பீர்களும் நிலமும் உள்ள குடும்பம் எங்களுடையது என்று அவருடைய சந்ததியினர் மறுக்கிறார்கள். எனக்கு அவர்கள் பேச்சில் நியாயம் தெரிகிறது. துரைமாரின் செக்ரோலில் பெயர் எப்படி எழுதப்பட்டதோ அப்படியே ஆயுள் முழுக்க அழைக்கப்பட்ட ஆட்களை மலையகத்தில் நம்மட கண்ணாலேயே பார்த்திருக்கிறோமே!

சூதில்லாமல், தொழுகை தவறாமல் ஆடினால் நம் ஷாஃபிஈ மத்ஹபில் இது மக்ரூஹ் அளவில் நிற்கிறது; ஆகவே அவரைப் பேசக் கூசவும் வேண்டியதில்லை.

1933 கடைசியில் ஊர் திரும்பினார். 1966இல் சர்கோதாவில் வஃபாத்தானார். உலகச் சதுரங்கச் சம்மேளனம் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024இல்.

சேர் உமரின் அதே வீட்டிலிருந்து போன பாத்திமா என்ற பெண்ணும் 1933இல் பிரித்தானிய மகளிர் சம்பியன் ஆனார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.