பறைதலும் அறைதலும்

செய்தியை ஊரறியப் பரப்புதலைப் 'பறைசாற்றுதல்' என்கிறோம். பறை என்னும் கருவியினின்றே 'பறைதல்' என்னும் வினைக்குச் சொல்லுதற்பொருள் வந்தது எனக் கருதுவாருளர். யாம் அதற்கு உடன்படத் தயங்குகிறோம். மலையாளத்தில் 'பறயுக' என்பது இருவர் தனித்திருந்து பேசுதற்கும் உரிய பொதுச்சொல். யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலும் பறைதல் பேசுதலே. ஆண்டு முழக்கமும் இல்லை, கூட்டமும் இல்லை.

இம்மயக்கத்திற்கு 'அறைதல்' காரணமாகலாம். அதற்கு அடித்தல், சொல்லுதல் என இருபொருளும் உண்டு. மணிமேகலையின் முதற்காதை 'விழாவறை காதை'. விழா என்பது செயப்படுபொருளாகலின், அத்தலைப்பில் அறைதல் அறிவித்தலே. ஆயினும் அறிவித்தற்கு அடிக்கப்பட்டது யானைப் பிடரியில் ஏற்றிய முரசு! இங்கே அடித்தலினின்று அறிவித்தல் பிறந்தது எனல் இயல்பாகத் தோன்றும். அவ்விதியைப் பறைதலுக்கும் நீட்டுவதே பொருந்தவில்லை. அங்கே சொல்லுதலே முந்துநின்று, செய்தி சொல்லும் தோற்கருவி அதனால் பெயர் பெற்றிருத்தலும் கூடும்.