காதுக்குள் ஒளிந்திருந்த நோய்

பத்திரிகைத் துறையில் நான் காலடி வைத்த புதிதில், எங்கள் அலுவலகத்தின் மூத்த ஒப்புநோக்காளர் ஒருநாள் காலை வாய் ஒருபுறம் கோணியபடி வந்து அமர்ந்தார். இடது கண் மூட மறுத்தது. பாரிசவாதம் என்றார் ஒருவர். எண்ணெய் பூசுங்கோ ஐயா என்றார் இன்னொருவர். நான்கு நாட்களாகக் காது வலித்ததை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. காதுக்குள் எவரும் பார்க்கவுமில்லை.

பார்க்கவேண்டிய இடம் காதுதான் என்பதை 1907 ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தவர் ஜேம்ஸ் ராம்சே ஹன்ட். பிலடெல்பியாவில் பிறந்து நியூயோர்க்கில் பணியாற்றிய நரம்பியல் நிபுணர் அவர். காதில் அக்கிக் கொப்புளங்கள், அதே பக்கத்தில் முகவாதம், சிலருக்குச் செவிட்டுத்தன்மையும் தலைச்சுற்றும் என வெவ்வேறாகத் தோன்றியவற்றை அவர் ஒரே நோயாகக் கண்டார். முகத்தசைகளை இயக்கும் ஏழாவது மண்டை நரம்பு, காதை அடுத்துள்ள எலும்பினுள் ஒடுங்கிய குழாயொன்றினூடாகச் செல்கிறது. அங்கே அது முழங்கால்போல் வளையும் இடத்திலுள்ள நரம்புக்கணுவே நோயின் இருப்பிடம் என்றார். கேள்விக்கும் உடற் சமநிலைக்கும் உரிய எட்டாவது நரம்பு அருகிலேயே ஓடுவதால், சிலவேளை அதுவும் தப்புவதில்லை.

அக்கி எங்கிருந்து வருகிறது என்ற வினாவுக்கு விடை கிடைக்க மேலும் அரை நூற்றாண்டு சென்றது. கொப்புளிப்பானையும் அக்கியையும் உண்டாக்குவது ஒரே வைரஸ் என்பதை 1950களில் தோமஸ் வெல்லர் ஆய்வுகூடத்தில் நிறுவினார். சிறுவயதில் கொப்புளிப்பான் மாறியபின்பும் அவ்வைரஸ் நரம்புக்கணுக்களில் உறங்கிக்கிடந்து, உடலின் எதிர்ப்பாற்றல் தளரும்போது விழித்தெழுகிறது என்ற கருதுகோளை 1965 இல் முன்வைத்தவர் எட்கர் ஹோப்-சிம்சன். அவர் பெரிய ஆய்வாளரல்லர். இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிறு நகரின் குடும்ப வைத்தியர். தம்மிடம் வந்த அக்கி நோயாளரை 16 ஆண்டுகள் பொறுமையாகக் குறித்துவைத்தமையே அவருடைய மூலதனம்.

இந்த வரலாற்றின் பயன் காலத்தில் தங்கியிருக்கிறது. 1997 இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், முதல் 3 நாட்களுக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்தும் ஸ்டீரொய்டும் பெற்றோரில் 75 வீதமானோருக்கு முகம் முற்றாகச் சீரடைந்தது. 7 நாட்களுக்குப் பின்னர் பெற்றோரில் அது 30 வீதம் மட்டுமே. அக்கியைத் தடுக்கும் தடுப்பூசிகளும் 2006 முதல் வந்துவிட்டன.

எங்கள் ஒப்புநோக்காளர் வைத்தியரிடம் சென்றது பத்தாம் நாள். எழுத்துப் பிழை ஒன்றையும் தப்பவிடாத அந்த இடது கண், ஓய்வுபெறும்வரை முழுமையாக மூடவேயில்லை.

ஆகவே அன்பர்களே, ஒருவருக்கு முகம் கோணினால் பாரிசவாதமா முகவாதமா என்று வீட்டிலிருந்து விவாதிக்கவேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். காதையும் பார்க்கச் சொல்லுங்கள்.