தனிப் பயணிக்கு ஏற்ற குளிர்கால நகரம்: எடின்பரோவின் கதை

முன்னுரை

டிசம்பர் விடுமுறை வந்துவிட்டால் ஐரோப்பாவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் பலருக்கு ஒரு சங்கடம் வந்துவிடும். உடன் படிப்பவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். விடுதி காலியாகிவிடும். சொந்த நாட்டுக்குப் போய்வர விமானக் கட்டணம் கட்டுப்படியாகாது. சரி, தனியாகவே எங்காவது போய்வரலாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் அடுத்து எழும் கேள்வி, எந்த நகரத்துக்கு என்பதுதான்.

அழகான நகரங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அழகான நகரம் வேறு, கலகலப்பான நகரம் வேறு. கிறிஸ்துமஸ் நாளில் லண்டன் போய் இறங்கும் தனிப் பயணி இந்த வேறுபாட்டை உடனே உணர்வார். டிசம்பர் 25 அன்று அங்கே சுரங்க ரயிலும் ஓடாது, நகரப் பேருந்தும் ஓடாது. பெரும்பாலான கடைகள் பூட்டிக் கிடக்கும். எல்லா வீட்டு ஜன்னல்களிலும் விளக்கு எரியும், தெருவில் மட்டும் ஆள் இருக்காது.

ஒரு நகரம் எந்த நாளில் தெருவுக்கு வரும், எந்த நாளில் கதவைச் சாத்திக்கொள்ளும் என்பதைப் பெரும்பாலும் அதன் வரலாறே தீர்மானிக்கிறது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோ.

வீட்டுத் திருவிழாவும் தெருத் திருவிழாவும்

ஐரோப்பியக் குளிர்காலம் என்றதும் பலருக்கும் ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகள் நினைவுக்கு வரும். டிரெஸ்டன் நகரச் சந்தை 1434 ஆம் ஆண்டு தொடங்கியது. நோன்பு முடிந்து பண்டிகை விருந்து சமைப்பதற்கான இறைச்சியை மக்கள் வாங்குவதற்காக ஒரே ஒரு நாள் கூடிய சந்தை அது. அதாவது சந்தையின் நோக்கமே வீட்டு விருந்துதான். இன்று பல வாரங்கள் நடந்தாலும் டிசம்பர் 24 வந்ததும் சந்தை முடிந்துவிடுகிறது. வாங்க வேண்டியதை வாங்கியாயிற்று, இனி வீட்டுக்குப் போகலாம் என்பது அதன் பொருள். குடும்பத்தோடு இருப்பவருக்கு அது இனிய இரவு. தனியாக வந்தவருக்கு ஆண்டின் மிக நீளமான இரவு.

எடின்பரோவில் நிலைமை வேறாக அமைந்தது. அதற்குக் காரணம் ஒரு தடை.

கிறிஸ்துமஸுக்குத் தடை

1560 இல் ஸ்காட்லாந்து கத்தோலிக்கத்தை விட்டுச் சீர்திருத்தத் திருச்சபையின் பக்கம் வந்தது. ஜான் நாக்ஸ் அந்த இயக்கத்தின் முன்னணித் தலைவர். கிறிஸ்து பிறந்த நாளைக் கொண்டாடச் சொல்லி பைபிளில் எங்கும் இல்லை, ஆகவே அது மனிதர்கள் உண்டாக்கிய பண்டிகை என்பது சீர்திருத்தவாதிகளின் வாதம். 1640 இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் கால விடுமுறையைச் சட்டம் போட்டே ஒழித்தது. பிற்காலத்தில் ஆட்சி மாறியபோது சட்டமும் நீங்கியது, திரும்பியது, மறுபடி நீங்கியது. மக்களின் பழக்கம் மட்டும் எளிதில் திரும்பவில்லை.

இதன் விளைவு வியப்பானது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஸ்காட்லாந்தில் பெரும்பாலானவர்களுக்கு டிசம்பர் 25 சாதாரண வேலை நாள். தொழிற்சாலைகள் ஓடின, கடைகள் திறந்திருந்தன. கிறிஸ்துமஸ் அங்கே பொது விடுமுறையானது 1958 இல்தான்.

ஆனால் பண்டிகை இல்லாமல் மனிதனால் இருக்க முடியுமா? அதுவும் டிசம்பர் கடைசியில் ஏழு மணி நேரமே பகல் வெளிச்சம் உள்ள ஊரில்? கிறிஸ்துமஸில் அடைபட்ட மகிழ்ச்சி முழுவதும் ஒரு வாரம் தள்ளிப் போய்ப் புத்தாண்டில் வெடித்தது. ஸ்காட்லாந்தில் 1600 முதலே ஜனவரி 1 தான் ஆண்டின் முதல் நாள். இங்கிலாந்து அந்த மாற்றத்துக்கு 1752 வரை காத்திருந்தது. டிசம்பர் 31 ஐ ஸ்காட்லாந்து மக்கள் "ஹாக்மனே" என்று அழைக்கின்றனர். இன்றும் அங்கே ஜனவரி 1 மட்டுமல்ல, ஜனவரி 2 ம் விடுமுறை நாள். பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது.

தராசு மேடைக் கோயில்

பழைய எடின்பரோ, கோட்டைக்கும் ஹோலிரூட் அரண்மனைக்கும் இடையில் சுமார் ஒரு மைல் நீளத்துக்கு அமைந்த ஒரே முதுகெலும்பு போன்ற தெருவும், அதன் இருபுறமும் இறங்கும் குறுகிய சந்துகளும் கொண்டது. நிலம் குறைவு என்பதால் வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. பல மாடிக் கட்டடங்களில் பணக்காரரும் ஏழையும் ஒரே படிக்கட்டைப் பயன்படுத்தினர். உள்ளே நெருக்கடி அதிகமானதால் தெருவே அவர்களுக்குக் கூடம், திண்ணை எல்லாம்.

அந்தத் தெருவின் நடுப்பகுதியில் ட்ரான் தேவாலயம் நிற்கிறது. "ட்ரான்" என்றால் சந்தையில் பொருளை நிறுக்கும் பொதுத் தராசு. பதினேழாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட இந்தக் கோயிலின் கடிகாரம் பன்னிரண்டு அடிப்பதைக் கேட்கத்தான் ஹாக்மனே இரவில் மக்கள் கூடினர். எடின்பரோவில் வாழ்ந்த எழுத்தாளர் ராபர்ட் சேம்பர்ஸ், நண்பகலைவிட நள்ளிரவு பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையில்தான் நகரின் முக்கியத் தெருக்களில் நெரிசல் அதிகம் என்று எழுதியுள்ளார். சர்க்கரையும் ஜாதிக்காயும் சாராயமும் கலந்து சுடவைத்த பீரைக் கெண்டியில் ஏந்தி, எதிரே வருபவர்களுக்கும் கொடுத்துக்கொண்டே மக்கள் நடந்தார்களாம்.

இந்தக் கலகலப்புக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1811 டிசம்பர் 31 இரவு இளைஞர் கும்பல்கள் திட்டமிட்டுத் தெருவில் இறங்கி, வசதியானவர்களை அடித்துப் பணத்தையும் கைக்கடக்கக் கடிகாரங்களையும் பறித்தன. காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். 1812 ஏப்ரலில் மூன்று இளைஞர்கள் தூக்கிலிடப்பட்டனர். அதன் பிறகு கெண்டியோடு தெருவில் உலாவும் வழக்கம் தளர்ந்துபோனது. கூட்டம் என்பது எப்போதும் பாதுகாப்பு ஆகிவிடாது என்பதற்கு இது ஒரு பாடம்.

முதல் காலடி

எடின்பரோவைத் தனிப் பயணியோடு மிக நெருக்கமாக இணைப்பது ஸ்காட்லாந்து முழுவதும் வழங்கும் "முதல் காலடி" என்னும் வழக்கம். நள்ளிரவு தாண்டியதும் ஒரு வீட்டின் வாசற்படியை முதலில் மிதிப்பவரைப் பொறுத்தே அந்த வீட்டின் ஆண்டுப் பலன் அமையும் என்பது நம்பிக்கை. அவர் வெறுங்கையோடு வரக்கூடாது. அடுப்பு அணையாதிருக்க ஒரு துண்டு நிலக்கரி, உணவு குறையாதிருக்க ரொட்டி அல்லது பழக் கேக், மனம் மகிழ ஒரு குப்பி விஸ்கி என்று ஏதாவது கொண்டு வரவேண்டும்.

முதல் காலடி வைக்க மிகவும் தகுதியானவர் யார்? உயரமான, கறுத்த தலைமுடி கொண்ட அந்நிய ஆண். பொன்னிற முடிக்காரர் வந்தால் ஆகாது. ஒரு காலத்தில் கடல் வழியே வந்து கொள்ளையடித்த வைக்கிங்குகளின் நினைவு அது என்று விளக்கம் சொல்கிறார்கள். பெண்கள் முதலில் வருவதும் பழைய நம்பிக்கையில் அபசகுனம். ஊருக்கு ஊர் அபசகுனப் பட்டியலில் பெண்ணைச் சேர்க்காமல் விடமாட்டார்கள் போலும்! இன்று பலர் இதையெல்லாம் விளையாட்டாகவே எடுத்துக்கொள்கின்றனர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பல பண்டிகைகளில் அந்நியன் ஜன்னலுக்கு வெளியே நிற்பவன். ஹாக்மனேயில் அவனுக்கென்றே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கறுத்த முடியோடு கதவைத் தட்டும் வெளியூர்க்காரன் வரவேண்டும் என்று வீட்டார் காத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் தமிழ்நாட்டு மாணவர் பலருக்குப் பாதித் தகுதி பிறப்பிலேயே வந்துவிடுகிறது. நிலக்கரி மட்டும் தேடிக்கொள்ள வேண்டும்.

1993 க்குப் பிறகு

மக்கள் தாமாகக் கூடிய இந்த இரவை 1993 முதல் நகரமே விழாவாக நடத்தத் தொடங்கியது. மையம் ட்ரான் தேவாலயத்திலிருந்து பிரின்சஸ் தெருவுக்கு நகர்ந்தது. 1996 இறுதியில் சுமார் 4 லட்சம் பேர் கூடியதாகக் கணக்கிடப்பட்டது. நெரிசலில் பலர் காயமடைந்தனர். அதனால் அடுத்த ஆண்டிலிருந்து அனுமதிச் சீட்டு வந்தது, எண்ணிக்கைக்கு வரம்பும் வந்தது.

இயற்கையும் அடிக்கடி குறுக்கே வருவதுண்டு. 2003, 2006, 2024 ஆகிய ஆண்டுகளின் கடைசி இரவில் மோசமான வானிலையால் தெரு விழா ரத்தானது. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனா நிறுத்தியது.

தனியாகச் செல்பவர் கவனிக்க

இந்த வரலாற்றிலிருந்தே பயணத் திட்டமும் கிடைத்துவிடுகிறது.

கிறிஸ்துமஸும் இப்போது விடுமுறைதான். பிரிட்டனில் டிசம்பர் 25 அன்று ரயில் கிடையாது, 26 அன்றும் மிகக் குறைவு. ஆகவே 27 க்குப் பிறகு போய்ச் சேர்வது நல்லது.

ஜனவரி 1, 2 இரண்டும் விடுமுறை என்பதால் தேவையான சாமான்களை முன்பே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பிற்பகல் நான்கு மணிக்குள் இருட்டிவிடும். கோட்டை, மலையேற்றம் போன்றவற்றைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். ஊர் சிறியது. ரயில் நிலையம் நகரின் நடுவிலேயே இருப்பதால் பலவற்றையும் நடந்தே பார்க்கலாம்.

அறை வாடகை அந்த வாரத்தில் மிகவும் ஏறிவிடும். சில மாதங்கள் முன்பே பதிவு செய்ய வேண்டும். வானவேடிக்கை ஒன்றை மட்டும் நம்பிப் போகக்கூடாது. காற்று பலமாக வீசினால் அது நடக்காது.

முடிவுரை

எடின்பரோ ரயில் நிலையத்தின் தலைக்கு மேல் பால்மோரல் ஹோட்டலின் கோபுரக் கடிகாரம் இருக்கிறது. 1902 இல் ஹோட்டல் திறந்த காலம் தொட்டு அது மூன்று நிமிடம் வேகமாகவே ஓடுகிறது. பயணிகள் ரயிலைத் தவறவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. டிசம்பர் 31 அன்று மட்டும் அதைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைக்கிறார்கள். அந்த ஓர் இரவில் யாரும் ஊரைவிட்டு அவசரமாகக் கிளம்ப வேண்டியதில்லை.

தனியாகப் போகிறவருக்குத் தேவையானதும் அதுதான். எத்தனை விளக்குகள் எரிகின்றன என்பதைவிட, தெரியாத ஒருவர் வந்து நிற்க அந்த ஊரில் இடம் இருக்கிறதா என்று பார்த்து நகரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.