குறுக்குவிசையும் குறிப்பேடும்

கருவியைக் கையாளும் திறமை கையோடு போய்விடும். எழுதி வைத்த குறிப்பே பின்வருவார்க்கு எஞ்சும். நம் முன்னோர் கைமருந்துகள் எத்தனையோ, சுவடியில் ஏறாத காரணத்தால் மறைந்தன. கணிப்பொறியின் குறுகிய வரலாற்றிலும் இவ்வுண்மைக்குச் சான்று உண்டு. கணிப்பொறித் தொழிலை மேற்கொண்டு ஊர்விட்டு வந்து வாழும் குடும்பங்கள் பல உள்ள நம் காலனியில் அதனை எண்ணிப் பார்த்தல் பொருத்தமுடையதாகும்.

1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டான் மர்ஃபி என்பார் ‘டெக்கோ’ என்னும் உரைத்தொகுப்பியை ஆக்கினார். உரைத்தொகுப்பி என்பது கணிப்பொறியில் எழுத்துகளைச் சேர்க்கவும் நீக்கவும் திருத்தவும் உதவும் நிரல். அந்நாளில் நிரல்கள் துளையிட்ட காகித நாடாக்களில் பதியப்பட்டன. அவற்றைத் திருத்தவே டெக்கோ பிறந்தது. அதன் கட்டளைகள் பெரும்பாலும் ஒற்றை எழுத்துகள். தம் பெயரையே கட்டளையாக அடித்தால் உரைக்கு என்ன கேடு விளையும் என்று ஊகிப்பது அதனைக் கையாண்டோரிடையே ஒரு விளையாட்டாக இருந்ததாம்.

1970-களில் அக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் டெக்கோ புதுவடிவம் பெற்றது. விசையை அழுத்தியவுடன் உரை திரையில் மாறும் முறையைக் கார்ல் மிக்கல்சன் அதில் சேர்த்தார். பின்னர் ரிச்சர்ட் ஸ்டால்மன், எந்த விசையோடும் பயனர் தாமே எழுதிய கட்டளைத் தொடரை இணைக்குமாறு அதனை விரித்தார். அக்கட்டளைத் தொடர்களுக்கு ‘மேக்ரோ’ என்று பெயர்.

இவ்வுரிமை பெரிதும் போற்றப்பட்டது. ஆயின் அதனால் ஓர் இடரும் விளைந்தது. ஆய்வகத்தார் தத்தமக்கு வேண்டியவாறு குறுக்குவிசைகளை அமைத்துக்கொண்டனர். ஒருவர் பலகையில் வரியை நீக்கும் விசை மற்றொருவர் பலகையில் வேறொன்றைச் செய்தது. உதவி செய்ய நண்பரின் இருக்கையில் அமர்ந்தவர், எந்த விசை எதைச் செய்யும் என்றறியாது திகைத்தார். ஒரே கூரையின்கீழ் பல மொழிகள் தோன்றிவிட்டன!

இக்குழப்பத்தைத் தீர்க்கக் கை ஸ்டீல் முன்வந்தார். சிறந்த மேக்ரோத் தொகுதிகள் நான்கின் அச்சுப்படிகளைத் திரட்டி, பயன்மிக்க கட்டளைகளைத் தெரிந்தெடுத்து, பொதுவான விசையமைப்பு ஒன்றை வரையத் தொடங்கினார். அப்பணியை ஸ்டால்மன் ஏற்று முடித்தார். 1976-ல் உருப்பெற்ற அத்தொகுப்பிக்கு ‘ஈமாக்ஸ்’ என்று பெயரிட்டார். அதனை மேம்படுத்துவோர் தம் மேம்பாடுகளைத் திருப்பித் தந்து அனைவரோடும் பகிர்தல் வேண்டும் என்பது அவர் கேட்டுக்கொண்ட முறை.

பொது அமைப்பு வந்தபின்னும் தனியுரிமை பறிக்கப்படவில்லை. விரும்பியவர் விசைகளை மாற்றிக்கொள்ளலாம். எனின், பழைய குழப்பம் மீளாதோ? மீளாமற் காத்தது விளக்கக் குறிப்பே ஆகும். 1981-ல் ஸ்டால்மன் எழுதிய ஆய்வுரை, விரிவாக்கவும் விருப்பம்போல் மாற்றவும் தக்கது என்று அதனைக் குறித்ததோடு, தன்னைத் தானே விளக்குவது என்றும் தலைப்பிலேயே கூறிற்று.

1985-ல் வெளிவந்த ‘குனு ஈமாக்ஸ்’ தொகுப்பியில் இதனைத் தெளிவாகக் காணலாம். புதிய கட்டளை எழுதுவோர், அது செய்வது யாது என்பதை மேற்கோட்குறிகளுக்குள் ஒரு வாக்கியமாக அக்கட்டளையின் உள்ளேயே எழுதி வைக்கலாம். பின்னர் கண்ட்ரோலுடன் ‘ஹெச்’ விசையை அழுத்தி, அடுத்துக் ‘கே’ விசையையும், தாம் அறிய விரும்பும் விசையையும் அழுத்தினால், அவ்விளக்கம் திரையில் தோன்றும். ‘கே’ விசைக்கு மாற்றாகப் ‘பி’ விசையை அழுத்தினால், அவ்வேளையில் வழங்கும் விசைகளின் பட்டியல் முழுதும் கிடைக்கும். கண்ட்ரோலுடன் ‘சி’ அழுத்தி, அதன்பின் ஓர் எழுத்தை அழுத்தும் விசைத்தொடர்கள் பயனரின் சொந்த அமைப்புகளுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன. பொது நிலம் எது, தனி மனை எது என்று வரப்பிட்டாற்போன்ற ஏற்பாடு இது.

தமிழரும் இவ்விடரை அறிவர். கணிப்பொறியில் தமிழ் நுழைந்த காலத்தில் வெவ்வேறு விசையமைப்புகள் வழங்கின. ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தடுமாறிற்று. 1999-ல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டித் ‘தமிழ்99’ என்னும் பொது அமைப்பு ஏற்கப்பட்டது. ஈமாக்ஸிலும் தமிழ் எழுதும் முறைகள் பல உள. அவற்றுள் ஒன்றின் விளக்கத்தைக் கேட்டால், எந்த விசை எந்த எழுத்தைத் தரும் என்று அதுவே காட்டும்.

ஆயினும் எழுதாத விளக்கத்தை எப்பொறியும் காட்டவியலாது. பெயரும் குறிப்பும் இன்றி அமைத்த குறுக்குவிசை, சில திங்களில் அமைத்தவருக்கே புதிராகிவிடும். ஆதலின், எந்த விசை, அது செய்யும் பணி யாது, அதனை அமைத்த காரணம் யாது, முன்பு அவ்விசைக்கு இருந்த பணி யாது என்னும் நான்கையும் எழுதி வைத்தல் வேண்டும். நான்கு வரிகள் போதும்.

பணிமாற்றத்தால் இடம்பெயர்வது நம்மவர் வாழ்வில் இயல்பு. இன்று ஒருவர் அமர்ந்த இருக்கையில் நாளை மற்றொருவர் அமர்வார். வருபவர் தடுமாறாமல் பணியைத் தொடருமாறு குறிப்பெழுதி வைத்துச் செல்வது, உடன் உழைத்தாருக்கு நாம் ஆற்றும் கடமையாகும். நம் இளைஞர்கள் திறமையோடு இப்பழக்கத்தையும் வளர்த்துக்கொள்வார்களாக!